நாகனுக்கு வந்த சக்களத்தி

சித்தேரி மலையில் போய் நாகன் என்று கேட்டால் நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். "பாய்கூடப் போற நாகன்" என்று கேட்டால்தான் நம்முடைய நாகன் வருவான். பன்னிரண்டு வருசமாக அதுதான் அவனுக்குப் பேர். ஊரில் அவனுக்கு இருந்த மரியாதையும் அதனால் வந்ததுதான்.

பாய் என்றால் சர்தார் பாய். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புளி மண்டி வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை தவறாமல் மலைக்கு வருவார். சித்தேரியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காட்டுப்பாதையில் ஊர் ஊராக நடப்பார். புளி, கடுக்காய், தேன் என்று மலைச் சனங்கள் சேர்த்து வைத்திருப்பதை நிறுத்து வாங்கி, அங்கேயே கையில் காசு கொடுத்துவிடுவார். ஏறும்போது அவரிடம் பணம் இருக்கும் என்பது அந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். அதற்குத்தான் நாகன்.

நாகன் பெரிய சண்டைக்காரன் இல்லை. ஆனால் காட்டில் காது கேட்பதில் அவனுக்கு நிகர் கிடையாது. சருகில் போவது பன்றியா, மாடா, மனிதனா என்று பார்க்காமலே சொல்லிவிடுவான். பஸ் வந்து நிற்குமிடத்தில் காத்திருந்து, பாய் இறங்கினதிலிருந்து திரும்பப் பஸ் ஏறுகிறவரை அவரை விட்டு நகர மாட்டான். பாய் பிளாஸ்க்கில் கொண்டுவரும் டீயில் பாதி இவனுக்கு. பெருநாளைக்கு இவனுக்கு ஒரு வேட்டி, இவன் பெண்சாதி சென்னம்மாளுக்கு ஒரு சேலை. ஊர்ப் பெரியவர்கள்கூட, "ஏம்பா நாகா, இந்த வாரம் புளிக்கு பாய் என்ன சொல்லுவாரு?" என்று இவன் வாயைப் பார்ப்பார்கள். பாய்க்குப் பக்கத்தில் நிற்கிறவன் என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. வேறு யாராவது பாயோடு நாலு வார்த்தை சிரித்துப் பேசிவிட்டால், அன்றைக்குச் சோறு சரியாக இறங்காது. அந்தக் குணம் அவனுக்கு முன்னாலிருந்தே உண்டு.

எண்பத்தி மூன்றாம் வருசம் புளி சீசனில், வேறொரு மலைப்பாதையில் ஒரு தேன் வியாபாரியை மறித்து, அடித்துப் போட்டுப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மனுசனுக்கு ஒரு பக்கம் காது கேட்காமலே போயிற்று. அதைக் கேட்டதிலிருந்து சர்தார் பாயின் சம்சாரம் ஜான் பீ சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் அழுதுகொண்டேதான் அவரை மலைக்கு அனுப்பினாள். பாயும் கைத்துப்பாக்கி லைசென்சுக்கு எழுதிப் போட்டார். போலீசிலிருந்து வந்து விசாரித்தார்கள், தாசில்தார் ஆபீசிலிருந்து வந்து விசாரித்தார்கள். எட்டு மாதம் கழித்து, ஆண்டவன் புண்ணியத்தில், கலெக்டர் ஆபீசிலிருந்து லைசென்ஸ் புத்தகம் கைக்கு வந்துவிட்டது.

நாகன் மண்டிக்குப் போயிருந்த அன்றைக்குத்தான் அது வந்தது. பாய் அந்தப் புத்தகத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

"இனிமே என்னாங்க பயம்? தனியாப் போயிட்டுத் தனியாவே வருவேன்."

அவர் சும்மா சொன்ன சொல்தான் அது. ஆனால் "தனியா" என்ற சொல் நாகன் நெஞ்சில் கள்ளிமுள் மாதிரி ஏறி முறிந்துகொண்டது. மூட்டை அடுக்குவது போல் அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து சென்னம்மாளிடம் சொன்னான். அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே சிரித்தாள்.

"அப்போ உனக்கு ஒரு சக்களத்தி வந்துட்டான்னு சொல்லு."

"என்னா பேச்சு பேசற நீ?"

"பின்னே என்னாய்யா? பன்னண்டு வருசமா நீ ஒட்டிக்கிட்டுத் திரிஞ்ச. இனி அவ பாய் இடுப்புலயே ஏறிக் குந்திக்குவா. நீ பொறத்தால நின்னு பாத்துக்கிட்டு இரு."

"அது இரும்புடி."

"இரும்புக்குச் சோறு போட வேணாம், துணி எடுத்துக் குடுக்க வேணாம். பாய் கணக்குப் பாக்காத ஆளா?"

அவள் விளையாட்டாகச் சொன்னாள். அவனால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

லைசென்சில் ஒரு தேதி போட்டிருந்தது. அந்தத் தேதிக்குள் துப்பாக்கி வாங்கி, ஆபீசில் கொண்டுபோய்க் காட்டி, அதன் நம்பரைப் பதிய வேண்டும். தவறினால் எட்டு மாத அலைச்சலும் வீண். கையில் இருந்தது ஒன்றரை மாதம். பாய் ஒதுக்கி வைத்திருந்த பணம் ஆறாயிரம். அதற்கு மேல் ஒரு பைசா எடுத்தால் மண்டி தாங்காது.

இதில் இன்னொரு சங்கடம், அதை எங்கே வைப்பது என்பது. பாய் கட்டுவது கைலி. மேலே ஜிப்பா. கைலி மேல் நாலு விரல் அகலப் பச்சை பெல்ட். அந்த பெல்ட்டில் பட்டன் வைத்த இரண்டு பை உண்டு. பேன்ட் போடுகிற ஆபீசருக்கு ஆயிரம் வழி இருக்கும். கைலி கட்டுகிற வியாபாரிக்கு அந்தப் பச்சை பெல்ட்டை விட்டால் வேறு இடம் ஏது? வெளியே தெரியவும் கூடாது. இன்ன இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், வருகிறவன் முதல் கையை அங்கேதானே வைப்பான்?

பாரம் பழகட்டும் என்று பாய் ஒரு யோசனை செய்தார். தராசிலிருந்து அரைக்கிலோ எடைக்கல் ஒன்றை எடுத்து பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு ஒரு வாரம் நடமாடினார். உட்கார்ந்தால் வயிற்றைக் குத்தியது. குனிந்தால் நழுவியது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகையில், வரிசையாக எல்லாரும் நெற்றியைத் தரையில் வைத்த நேரம், பாயின் இடுப்பிலிருந்து அந்தக் கல் நழுவி 'ணங்' என்று விழுந்து முன்வரிசை வரைக்கும் உருண்டு போயிற்று. தொழுகை முடிந்ததும், தொழுகை நடத்திய ஹஜ்ரத் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "சர்தார் பாய், அல்லாஹ்கிட்டயே எடை போட்டு வாங்க வந்தீங்களா?" என்று கேட்டாராம். பள்ளிவாசலே சிரித்தது. பாய்க்கு முகம் சுண்டிவிட்டது. அதிலிருந்து ஒன்றை முடிவு செய்துகொண்டார். வாங்குவது சின்னதாக இருக்க வேண்டும், தட்டையாக இருக்க வேண்டும், தொழப் போகும்போது வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இதை நாகனிடம் சொல்லிவிட்டு, "வியாழக்கிழமை சேலத்துக்குப் போறோம். நீ கூட வரணும்" என்றார்.

"நான் எதுக்குங்க பாய்?"

"அரே, எனக்குப் புளி தெரியும், கடுக்காய் தெரியும். துப்பாக்கி எனக்கு என்னா தெரியும்? உங்கப்பா காலத்துல இருந்து பன்னி சுடற ஆளு நீ. நீதான் பாத்துச் சொல்லணும்."

அது உண்மைதான். நாகன் வீட்டில் வெடிமருந்தைக் குழாயில் கிட்டித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி ஒன்று, அப்பன் பேருக்கு லைசென்சோடு இருந்தது. சாமைக் காட்டில் பன்றி இறங்கினால் அதுதான் காவல். இரும்பையும் குழாயையும் நாகன் கண்ணாலேயே எடை போடுவான். ஆனால் தன் இடத்துக்கு வரப்போகிற ஒன்றைத் தானே போய்ப் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? சென்னம்மாளிடம் இதைச் சொல்லவே இல்லை. சொன்னால் சிரிப்பாள்.

சேலத்துக் கடைக்காரர் பெயர் ராஜாமணி. மூக்குக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாக, வாத்தியார் மாதிரி இருந்தார். லைசென்சை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, பச்சைத் துணி விரித்த மேசைமேல் மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தார்.

"வெளிநாட்டுச் சரக்கு இப்ப வர்றதே இல்லீங்க. எல்லாம் கை மாறி வந்த பழசுதான். அதனாலதான் இந்த விலை. இது இங்கிலீஷ் ரிவால்வர். ஆறு குண்டு. ஒண்ணு வெடிக்காட்டியும் விசையை மறுபடி இழுத்தா அடுத்தது வந்து நிக்கும். பதினோராயிரம்."

பாய் கையை எடுத்துக்கொண்டார்.

"இதுவும் ரிவால்வர்தான். ஐயாயிரத்து ஐநூறு. ஒருத்தர் வித்துக் குடுக்கச் சொல்லி வச்சிட்டுப் போனது. நான் சுட்டுப் பாக்கலை, அதையும் சொல்லிடறேன். இது மூணாவது. பிஸ்டல். தட்டையா இருக்கும், அரைக்கிலோகூட இல்லை. ஆனா சின்னக் குண்டு. மேல்மூடியைப் பின்னால இழுத்து விட்டாத்தான் குண்டு உள்ள ஏறும். குண்டு சிக்கிக்கிட்டா கையால சரி பண்ணணும். ஆறாயிரம் கேக்கறாங்க."

பிஸ்டல் பார்க்க ஒன்றுமில்லாமல் இருந்தது. பூச்சு தேய்ந்து, ஓரமெல்லாம் வெளிறி, தீப்பெட்டிக்கு அண்ணன் மாதிரி கிடந்தது. ஐயாயிரத்து ஐநூறு ரிவால்வரோ கறுகறுவென்று புதுப்பூச்சில் மின்னியது. பாயின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

"நாகா, பாரு."

நாகன் பிஸ்டலை எடுத்தான். மேல்மூடியை இழுத்துவிட்டான். 'டக்'கென்று போய்ப் பொருந்தியது. எந்த இடத்திலும் ஆட்டம் இல்லை. விசை கெட்டி, ஆனால் சீர். உருவம்தான் ஏழை. பொருள் நல்ல பொருள். அது அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது, தெரிந்ததும் வயிறு எரிந்தது. அந்தப் பச்சை பெல்ட்டுக்கென்றே செய்து வைத்தது போல அல்லவா இருக்கிறது!

"பசங்க ஊதற பீப்பி மாதிரி இருக்குதுங்க பாய்" என்று அதைக் கீழே வைத்தான். "இதைக் காட்டினா குரங்குகூட ஓடாது."

பாய் சிரித்தார். நாகன் ரிவால்வரை எடுத்தான். குண்டைத் தட்டுகிற குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, குண்டு போடுகிற உருளையை விரலால் அசைத்துப் பார்த்தான். ஆடியது. வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிக் குழாய்க்குள் பார்த்தான். வட்டம் முழு வட்டமாக இல்லை. ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கறுப்பு. உருளையின் ஓட்டையும் குழாயின் ஓட்டையும் நேருக்கு நேர் நிற்கவில்லை என்று அர்த்தம். இதில் சுட்டால் ஈயம் குழாயின் விளிம்பில் மோதித் தெறிக்கும். சுடுகிறவன் கண்ணிலும் படலாம். புதுப்பூச்சு பூசி அழகு பண்ணியிருக்கிறார்கள்.

"எப்படி?" என்றார் பாய்.

அந்த இடத்தில் நாகன் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. இது வேலை செய்யாது, அப்போது பாய்க்குத் தெரியும் யார் துணை என்று: இந்த ஒரு நினைப்பு அவன் தலைக்குள் புகையாகச் சூழ்ந்துகொண்டது.

"இதையே எடுங்க பாய். கைக்குப் பாந்தமா இருக்கு" என்றான்.

பாய் ஐநூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார். மீதியோடு அடுத்த வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

அந்த ஒரு வாரம் நாகன் பட்ட பாடு ஆண்டவனுக்குத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை பாய் மலைக்கு வந்தபோது, போகிற ஊரிலெல்லாம், "நாகன் பாத்து எடுத்தது. சாதாரணக் கண்ணா அவன் கண்ணு?" என்று பெருமை பேசினார். நாகன் வேறு யாரையோ சொல்வது போலக் காட்டிக்கொண்டு பேச்சை மாற்றினான். ஜான் பீ அவனுக்கென்று ஒரு டப்பாவில் பிரியாணி கொடுத்து அனுப்பியிருந்தாள். "நாகண்ணன் இருக்கறாருன்னுதான் எனக்குத் தைரியம்" என்று சொன்னாளாம். அவன் அதைத் தொடாமல் சென்னம்மாளிடம் கொடுத்தான்.

"நல்லதாப் பாத்துத்தானே சொன்ன?" என்று சென்னம்மாள் கேட்டாள்.

"சொன்னேன் சொன்னேன்."

அவள் ஒரு பார்வை பார்த்தாள். காளியாத்தா கோயிலைத் தாண்டும்போதெல்லாம் அவன் கும்பிடாமல் குனிந்துகொண்டே போனான். சாமியிடம் ஒரு பொய்யை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதே நேரத்தில், அந்தக் கறுப்பு ரிவால்வர் பாய் இடுப்பில் ஏறி உட்காருவதை நினைத்தால் மறுபடி வயிறு எரியும். நல்ல துப்பாக்கி என்றாலும் எரிச்சல், கெட்ட துப்பாக்கி என்றாலும் எரிச்சல். பொறாமைக்கு இதுதான் தொழில்.

வியாழக்கிழமை மறுபடி சேலம். ராஜாமணி ரிவால்வரைத் துடைத்து எடுத்து வைத்தார். பாய் பணத்தை எடுக்கப் போனவர், நிறுத்திவிட்டு அதைக் கையில் எடுத்தார். அவருக்கு ஒரு பழக்கம். எதை வாங்கினாலும் மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்ப்பார். புளியை மோந்தே போன வருசத்துப் புளியா இந்த வருசத்துப் புளியா என்று சொல்லுகிறவர் அல்லவா? ரிவால்வரையும் அப்படியே முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அந்த ஆட்டம் கொடுக்கிற உருளை அவர் கண்ணுக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது. எண்ணெய் வாசனை பிடித்துவிட்டு, குழந்தை மாதிரி நாகனைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தக் கண்ணைப் பார்த்ததும் நாகனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வேணாம் பாய்."

"என்னாப்பா?"

"அதைக் கீழ வைங்க. அது வேணாம்."

அவன் ரிவால்வரை வாங்கி, குதிரையை இழுத்து, ராஜாமணியின் கண்ணாடிக்கு முன்னால் உருளையை ஆட்டிக் காட்டினான். வாசலுக்கு நேராகப் பிடித்து, "உள்ள பாருங்க, பிறை மாதிரி தெரியுதா?" என்றான். ராஜாமணி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஆமாங்க. மேலோட்டமாப் பார்த்துட்டு விட்டுட்டேன். இதைச் சுட்டா ஈயம் கண்ணுல தெறிக்கும், விக்கக் கூடாது. உங்காளு கெட்டிக்காரர்தான், ஒரே பார்வையில கண்டுபிடிச்சிட்டாரே."

பாய் நாகனையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருசம் ஆட்களை எடை போட்டு வியாபாரம் செய்த மனுசன்.

"நாகா, ஒரே பார்வைன்னா எந்தப் பார்வை? இன்னிக்குப் பாத்ததா, போன வாரம் பாத்ததா?"

நாகன் தரையைப் பார்த்தான்.

"போன வாரமே தெரியுமா?"

"தெரியுங்க."

பாய் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பாட்டுக்கு பிஸ்டலை எடுத்தார், பெல்ட் பைக்குள் வைத்துப் பட்டனைப் போட்டுப் பார்த்தார், எடுத்தார், ராஜாமணியிடம் மேல்மூடி எப்படி இழுப்பது, பூட்டு எப்படிப் போடுவது என்று கேட்டுக்கொண்டார். பூட்டு என்றால் பக்கத்தில் இருக்கும் சின்னக் கட்டை. அதைக் கீழே தள்ளினால்தான் விசை நகரும். அட்வான்ஸ் போக மீதி ஐயாயிரத்து ஐநூறையும் கொடுத்தார். ராஜாமணி இருபத்தைந்து குண்டு கொடுத்து, "இது உங்க கையை விட்டு வேற கைக்குப் போகக் கூடாதுங்க. கூட்டாளியே ஆனாலும் சரி" என்று சொன்னார். நாகனுக்கு அது தனக்கென்றே சொன்னது போல் பட்டது.

திரும்பும் பஸ்ஸில் நாகன் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. பாய் நாலு சீட் தள்ளிப் போய், கூடைக்காரர் ஒருவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு வருசத்தில் அது முதல் தடவை. தொப்பூர் கணவாய் வரும் வரை நாகன் அவருடைய பின்மண்டையையே பார்த்துக்கொண்டு வந்தான். இரண்டு நிமிசத்துக்கு ஒரு தடவை அவர் கை பெல்ட்டைத் தடவிப் பார்த்தது. தொட்டிலில் தூங்குகிற பிள்ளையை ஒரு தாய் தொட்டுப் பார்ப்பாளே, அப்படி. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

தருமபுரியில் இறங்கியதும் பாய், "நீ ஊருக்குப் போ" என்றார். அவ்வளவுதான்.

லைசென்ஸில் நம்பர் பதிந்தாயிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை, பஸ் நிற்குமிடத்துக்கு நாகன் வழக்கம் போல வந்தான். பாய் இறங்கினார். இவனைப் பார்த்தார். பார்த்தும் பார்க்காதது போலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதையில் இறங்கிவிட்டார். அங்கே டீக்கடையில் இருந்த பெரியண்ணன் என்ற கிண்டல்காரன், "என்னா நாகா, பாய் கண்ணுக்கு நீ தெரியலியா?" என்று குரல் கொடுத்தான். நாலு பேர் சிரித்தார்கள்.

நாகன் டீக்கடைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். பிறகு பாதையை விட்டு விலகி, மரங்களுக்குள் புகுந்து, பாய் போகிற திசையிலேயே நடந்தான். எதற்குப் போகிறோம் என்று அவனுக்கே தெளிவில்லை. காவலுக்கா? வேவு பார்க்கவா? இரண்டும்தான்.

பாய் நடக்கிற நடையே மாறியிருந்தது. முன்பெல்லாம் பாட்டு முனகிக்கொண்டு கையை வீசி நடப்பார். இப்போது வலது கை வீசவே இல்லை. பெல்ட்டின் மேலேயே இருந்தது. ஒரு குருவி பறந்தால் நின்றார். ஒரு ஓணான் ஓடினால் திரும்பினார். 'என்னைக் கூட வச்சிருந்தா இந்நேரம் பாதி தூரம் போயிருக்கலாம்' என்று நாகன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். அதில் அவனுக்கு ஒரு சந்தோசமும் இருந்தது. ஆனால் அந்தக் கை பெல்ட்டை விட்டு எடுபடாமல் இருந்ததைப் பார்க்கப் பார்க்க, அந்தச் சந்தோசத்துக்கு மேல் புகைந்தது.

ஓடைத் திருப்பத்தில் நாகன் காலடியில் ஒரு காய்ந்த சுள்ளி முறிந்தது. காட்டில் பிறந்த ஆள் அப்படி மிதிக்க மாட்டான். மனசு காலில் இல்லை.

பாய் சுழன்று திரும்பினார். "யாரு? யார்ரா அது?" கை பெல்ட்டுக்குப் போனது. பட்டன் திறக்கவில்லை. பிஸ்டலுக்காகப் புதிதாகத் தைத்த பட்டன், கெட்டி. இடது கையால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் இழுத்தார். பட்டன் தெறித்துத் திறந்தபோது பிஸ்டலின் மூக்கு பைக்குள் சிக்கிக்கொண்டது. அதை உருவி எடுத்து நீட்டினபோது, நாகன் மரங்களை விட்டு வெளியே வந்து பத்தடி தூரத்தில் நின்றிருந்தான். பூட்டு போட்டபடியே இருந்தது. பாய் விசையை அழுத்திக்கொண்டிருந்தார். அது நகரவில்லை.

"நான்தான் பாய்."

பாய்க்குக் காது கேட்கவில்லையோ என்னவோ. கை நீட்டியபடியே இருந்தது.

"நான் நாகன். விரலை எடுங்க. பூட்டு போட்டிருக்கு, அது புண்ணியம். விரலை எடுத்துட்டுக் கீழ இறக்குங்க."

பாய் இறக்கினார். அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். ஜிப்பா முதுகோடு ஒட்டியிருந்தது.

"யா அல்லா, உன்னைச் சுட்டிருப்பேனே."

"நீங்க பட்டன் தொறக்கறதுக்குள்ள திருடன் உங்களை அடிச்சிட்டு, பீடி பத்த வச்சிக்கிட்டுப் போயிருப்பான்."

பாய் சிரிக்கவில்லை.

"ஏண்டா அப்படிப் பண்ணினே? அந்த ஓட்டைத் துப்பாக்கியை ஏண்டா எடுக்கச் சொன்னே? நான் உனக்கு என்னா குறை வச்சேன்?"

நாகன் அதற்கு நாலு பொய் யோசித்து வைத்திருந்தான். வெளிச்சம் சரியில்லை, ரிவால்வர் பழக்கமில்லை என்று. ஒன்றும் வாயில் வரவில்லை.

"பொறாமைங்க பாய்."

"யார் மேல?"

நாகன் அவர் கையில் இருந்ததைக் காட்டினான்.

பாய் பிஸ்டலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இது மேலயா?"

"அதை நீங்க தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க. பன்னண்டு வருசத்துல என்னை ஒரு நாளாவது இருக்கானா இல்லையான்னு திரும்பிப் பாத்திருப்பீங்களா?"

"திரும்பிப் பாக்க வேணாம்னுதானேடா நீ இருந்தே!" என்று பாய் கத்தினார். "திரும்பாமலே தெரியும் நீ பொறத்தால இருக்கேன்னு. இது அப்படியா? இது வந்ததுல இருந்து கண்ணை மூட முடியலை. எங்கே விழுந்துடுமோ, எவன் எடுத்துடுவானோ, வெடிச்சிடுமோன்னு. ஜான் பீ அந்தப் பெட்டி இருக்கற ரூமுக்குள்ளயே வர மாட்டேங்கறா. தொட்டுப் பாக்கறது ஆசையிலன்னு நெனச்சியா? பயத்துல!"

நாகன் கண் பிஸ்டலை விட்டு அவர் முகத்துக்குப் போனது.

"ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க" என்றார் பாய். குரல் இறங்கியிருந்தது. "உன்னை நம்பி என் கண்ணைக் குடுக்கப் பாத்தேன். அதை நான் மறக்கறதுக்கு நாளாகும்."

"மறக்க வேணாங்க பாய்."

"மறந்தாலும் மறக்காட்டியும், நேரமாவுது. கூட வா. பேசாம வா."

பிஸ்டலை பெல்ட்டுக்குள் வைத்தார். பட்டன் தெறித்துப் போனதால் பை மூடவில்லை. கைலி ஓரத்தை மேலே இழுத்துச் செருகிக்கொண்டார். நாகன் பேசாமல் நடந்தான். பழைய நாளாக இருந்தால் இந்தப் பாதையில் நூறு கதை நடந்திருக்கும். இன்றைக்கு இரண்டு பேர் செருப்புச் சத்தம்தான்.

முதல் வீடு ராமக்காளுடையது. ஒண்டி ஆளாக மூன்று மூட்டைப் புளி சேர்த்து வைத்திருந்தாள். வாய்க்காரி.

"வாங்க பாய், வா நாகா. என்னாங்க, துப்பாக்கி வாங்கிட்டீங்களாமே, ஊரே பேசுது. யாரு பாத்து எடுத்தது, நாகனா?"

நாகனுக்குக் காதுமடல் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டான். பாய் தராசைப் பையிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டு, தட்டுகள் ஆடி நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தது நான்தான் ஆயா. எதை எடுக்கக் கூடாதுன்னு சொன்னது அவன்."

"அதுவும் தெரிஞ்சிருக்கணும் இல்லீங்களா" என்றாள் ராமக்காள்.

"தெரியும். அவனுக்கு நல்லாத் தெரியும்" என்றார் பாய். பிறகு, "நாகா, மூட்டையைப் பிரி" என்றார்.

நாகன் போய் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தான். விரல்களுக்கு அந்த வேலை இருந்தது நல்லதாயிற்று. புளி வாசனை எழுந்தது. பாய் ஒரு பிடி எடுத்து மோந்து, "புதுசுதான்" என்று தலையாட்டிவிட்டு, நிறுக்க வசதியாக இன்னொரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் இடுப்பில் இருந்தது வயிற்றில் குத்தியது போலும். "ஸ்ஸ்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு, இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார். அது விடுவதாக இல்லை.

நாகன் அதைப் பார்த்தான். உள்ளே எங்கேயோ ஒரு குளிர்ச்சி பரவியது. தப்பு என்று அவனுக்கே தெரிந்தது. ஆத்தா, என்னை மன்னிச்சிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். சொன்ன பிறகும் அந்தக் குளிர்ச்சி போகவில்லை. அவன் முகத்தை மூட்டைக்குள் தாழ்த்தி, இரண்டு கையாலும் புளியை அள்ளித் தட்டில் போட்டான்.